நான் மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

விடுதிப் பள்ளியில் படித்த ஐந்து வருஷத்தில் நான் ஐந்து தடவை இரட்சிக்கப்பட்டேன்.

வருஷக் கடைசியில் அங்கே மூன்று நாள் விசேஷக் கூட்டம் நடக்கும். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வருவார். மூன்றாம் நாள் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, ஆண்டவரை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையை உயர்த்தலாம் என்பார். நான் உயர்த்துவேன். போன வருஷம் உயர்த்தியது போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்ற சந்தேகத்தில் அடுத்த வருஷமும் உயர்த்துவேன். ஐந்தாம் வருஷம் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது விடுதிப் பொறுப்பாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீ போன வருஷமும் கை தூக்கினாய் இல்லையா?"

"ஆமாம் மிஸ்."

"அதற்கு முந்தின வருஷம்?"

"அப்போதும் மிஸ்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "சரி, போய்ச் சாப்பிடு" என்று அனுப்பிவிட்டார். கண்ணை மூடும்படி சொன்னது எங்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

என் பிரச்சினை இதுதான். மற்ற மாணவிகள் தங்கள் சாட்சியைச் சொல்லும்போது, நெஞ்சில் அனல் இறங்கியது என்பார்கள், கண்ணீர் நிற்காமல் ஓடியது என்பார்கள், உடம்பே லேசாகிவிட்டது என்பார்கள். நான் உண்மையாகத்தான் ஜெபித்தேன், உண்மையாகத்தான் கையைத் தூக்கினேன். எனக்கு எதுவும் இறங்கவில்லை. கை வலித்தது, அவ்வளவுதான். அனல் இறங்காதவளுக்குப் பரலோகத்தில் இடம் உண்டா என்று யாரிடமும் கேட்கத் துணிச்சல் வரவில்லை. டயகமப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவிடம் கேட்டிருக்கலாம். வாலிபத்தில் அம்மாவோடு சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தவர் அவர். காலையில் எழுந்ததும் ஒரு சின்ன ஜெபம், சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்ன ஜெபம், அதோடு வேலைக்குப் போய்விடுவார். இந்தக் கவலையே அவருக்குத் தெரியாது. இவ்வளவு சிரமப்பட்டுப் படிக்க அனுப்பிய மகளுக்கு இரட்சிப்பின் நிச்சயம் இல்லை என்று தெரிந்தால் அவர் நொந்துபோவார் என்று நினைத்து, சொல்லாமலே இருந்துவிட்டேன்.

படிப்பு முடிந்து, வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகப் போனேன். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடம் ஒரே அறை, தகரக் கூரை. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான். வட்டவளை மழையை அறிந்தவர்களுக்குத் தெரியும், மழை பிடித்தால் அந்தத் தகரத்தின் கீழ் பாடம் நடத்த முடியாது. பிள்ளைகளை எழுத வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். சாயங்காலங்களில் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் கடிதம் வாசிக்கச் சொல்லவும் பிரஜாவுரிமை மனு எழுதவும் வருவார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் என் குடியிருப்பு. தனியாக இருந்தேன் என்றாலும் தனிமையாக இருந்ததாக ஞாபகமில்லை.

வந்த மறுவருஷம்தான் அட்டனில் இருந்த மிஸ்ஸியம்மாவின் அறிமுகம் கிடைத்தது. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருந்த மிஷனரி அவர். நாற்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகாதவர். நல்ல உயரம். எங்கள் லயத்து வாசலில் நுழையும்போதெல்லாம் தலையைக் குனிவார், அப்படியும் மாதத்துக்கு ஒரு தடவையாவது இடித்துக்கொள்வார். ஒரு முன்ஷியிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். அந்தத் தமிழில் அவர், "அம்மையீர், தாங்கள் நலமாய் இருக்கின்றீர்களா?" என்று கேட்டால், கொழுந்துக்காரப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், என்ன கேட்கிறார் என்று. ஆகவே கூட்டங்களில் அவர் ஆங்கிலத்தில் பேசுவதும், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வதும் என்று ஏற்பாடாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ரயிலில் வட்டவளைக்கு வருவார். நான் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வருவேன். மேலே ஏற முக்கால் மணி நேரமாகும். நடு லயத்து இஸ்தோப்பில், அதாவது வீடுகளுக்கு முன்னால் நீளமாக ஓடும் அந்தத் தாழ்வாரத்தில், சாக்கை விரித்துப் பெண்கள் உட்காருவார்கள். ஞாயிறு என்பதால் தலை முழுகி, ஈரக்கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் நான்கைந்து பேர்தான். மற்றவர்கள் பாட்டுக்காகவும் வேடிக்கைக்காகவும், கொஞ்ச நேரம் உட்கார ஓர் இடம் கிடைக்கிறதே என்பதற்காகவும் வருகிறவர்கள்.

மொழிபெயர்ப்பு எனக்கு நன்றாக வந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே நன்றாக வந்தது. மிஸ்ஸியம்மா தன் ஊரில் வெண்பனியில் காணாமற்போன ஆட்டைப் பற்றிச் சொன்னால், நான் மேல் மலையில் மூடுபனிக்குள் வழி தவறிய ஆட்டைப் பற்றிச் சொல்வேன். அவர் கோதுமை வயல் என்றால் நான் தேயிலை மலை என்பேன். அவர் நகைச்சுவை ஒன்று சொல்லி அது தமிழில் சிரிப்பு வராது என்று தெரிந்தால், நானே வேறொன்று சொல்லிவிடுவேன். பெண்கள் சிரிப்பார்கள், தன் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று மிஸ்ஸியம்மா மகிழ்ந்துபோவார். இதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. மிஸ்ஸியம்மா அடிக்கடித் தன் சொந்த அனுபவத்தைச் சொல்வார். "நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேன், எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்" என்பார். மொழிபெயர்க்கிறவள் "மிஸ்ஸியம்மா இரட்சிக்கப்பட்டிருக்கிறாராம்" என்று சொல்ல முடியாது. "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "நான் இரட்சிக்கப்பட்டிருக்கேன், எனக்கு அது நிச்சயமாத் தெரியும்" என்று இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, இருபது பெண்களுக்கு முன்னால், மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி உரக்கச் சொன்னேன். அவருடைய வார்த்தை, என் குரல். கூட்டம் முடிந்தபின் பெண்கள் என்னிடம் வந்து, "நீங்க சொன்னது நெஞ்சுல பட்டுச்சு டீச்சர்" என்பார்கள். அது என் வார்த்தை இல்லை என்று சொல்ல வாய் வராது. அறைக்குத் திரும்பித் தேத்தண்ணி போட்டுக் குடித்துக்கொண்டு, அந்தப் பொய்யை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

இப்படி ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸியம்மா ரயிலிலிருந்து இறங்கியபோது முகம் சரியாக இல்லை. மேலே ஏறும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. வழக்கமாக வழியில் பார்க்கிற ஒவ்வொரு பூவுக்கும் தமிழ்ப் பெயர் கேட்பவர். எனக்கும் பாதி தெரியாது, ஏதாவது சொல்லிவைப்பேன். அன்று ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைய கூட்டத்துக்கு, இதற்கு முன் வராத ஒரு பெண் வந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய முதல் குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிருந்தது. அதிலிருந்து அழுகையை நிறுத்த முடியாமல் இருக்கிறாள் என்றும், மலையில் கொழுந்து எடுக்கும்போதுகூட அழுகிறாள் என்றும், கங்காணி சத்தம் போட்டும் பயனில்லை என்றும் எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு ஆயம்மா அவளைக் கூட்டி வந்திருந்தார். அந்த ஆயம்மா, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பது வயது. கூட்டத்துக்கு எப்போதாவது வருவார், கடைசியில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார், பாட்டில்கூடச் சேர மாட்டார்.

பாட்டு முடிந்ததும் மிஸ்ஸியம்மா எழுந்தார். வேதத்தைத் திறக்காமலே பேசத் தொடங்கினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இது:

"என் தாய் இறந்துவிட்டதாகப் போன வாரம் கடிதம் வந்தது. கடிதம் என் கைக்கு வருமுன்பே அவரை அடக்கம் செய்து முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஜெபிக்க முழங்கால் போடுகிறேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. உள்ளே வெறுமையாக இருக்கிறது. நான் இரட்சிக்கப்பட்டவள் என்று இன்று எனக்குத் தோன்றவே இல்லை. எதுவுமே தோன்றவில்லை."

இந்த இடத்தில் அவர் எனக்காக நிறுத்தினார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பெண்களைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "எங்க அம்மா எறந்துட்டாங்கன்னு போன வாரம் கடிதம் வந்துச்சு. நான் முழங்கால் போட்டு ஜெபிச்சேன். ஆண்டவர் என் நெஞ்சுல பெரிய சமாதானத்தக் கொடுத்தாரு. எனக்கு அழுகையே வரல."

பெண்கள் "ச்சு, ச்சு" என்றார்கள். "பாத்தியா, பெத்த தாய் செத்தும் எப்புடி நிக்கிறாங்க" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது கேட்டது. மிஸ்ஸியம்மா தொடர்ந்து பேசினார். அதற்குப் பின் அவர் சொன்னது, முன்னால் சொன்னதன் மேல் நிற்கிற பேச்சு. முன்னதை மாற்றிவிட்டதால் பின்னதையும் வளைத்து வளைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இடையில் குழந்தையை இழந்த அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். ஆயம்மாவும் பின்னாலேயே போனார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், மிஸ்ஸியம்மாவின் மரியாதையைக் காப்பாற்றினேன் என்று சொல்லியிருப்பேன். உண்மை அதுவல்ல. எனக்குப் பயம். இவருக்கே தோன்றவில்லை என்றால் என் கதி என்ன? அந்த வார்த்தைகளை என் வாயால் சொல்ல நேர்ந்தால் அது மொழிபெயர்ப்பாக இருக்காது, என்னைப் பற்றிய உண்மையாக இருக்கும். அந்த ஒரு தடவை அவர் சொன்னபடியே "நான்" என்று சொல்லியிருந்தால் பொய் இல்லை. அந்த ஒரு தடவைதான் நான் சொல்லவில்லை.

மறுநாள் இடைவேளை நேரத்தில் ஆயம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றபடியே, "டீச்சரம்மா, ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க ஆயம்மா. உள்ள வாங்க."

உள்ளே வந்தார், உட்காரவில்லை. "நேத்து மிஸ்ஸியம்மா சொன்னது வேற. நீங்க சொன்னது வேற."

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"பதினெட்டு வருசமா பங்களாவுல இருக்கேன். மூணு தொர மாறிட்டாங்க. அவங்க புள்ளைங்களையெல்லாம் நாந்தான் தூக்கி வளத்தேன். எனக்குப் பேச வராது. ஆனா அவங்க பேசுறது வெளங்கும். வெளங்குதுன்னு நான் யாருக்கும் காட்டிக்கிட்டதில்ல, அதுல நமக்கென்ன லாபம்." வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அந்தம்மா, தாயி போனதுலருந்து சாமி கும்புட முடியலன்னாங்க. உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லன்னாங்க. நீங்க என்னன்னா சமாதானம், அழுகையே வரலன்னு சொல்லிட்டீங்க."

"அப்படிச் சொன்னா ஆளுங்க அவங்களப் பத்தி என்ன நெனப்பாங்கன்னுதான்..."

"என்ன நெனப்பாங்க? நம்மள மாதிரி ஒரு பொம்பளன்னு நெனப்பாங்க."

ஆயம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் புள்ள வீட்டுக்குப் போயி என்ன சொல்லுச்சு தெரியுமா? 'வெள்ளக்கார அம்மா பெத்த தாயி செத்தும் ஒரு வாரத்துல எந்திரிச்சி நிக்கிறாங்க. நான் மூணு மாசமா அழுகிறேன். அவங்க சாமிக்கு என்னையப் புடிக்காது'ன்னுச்சு. இன்னைக்கு பெரட்டுக்கும் போகல. படுத்துக் கெடக்கு."

பெரட்டு என்பது விடியற்காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் பிரிந்து போகிற இடம். அதற்குப் போகாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. குழந்தை இறந்த மறுவாரமே பெரட்டுக்குப் போன பெண் அவள்.

ஆயம்மா போகும்போது கோபமாக இல்லை. "நான் உங்க சாமிய கும்புடுறவ இல்ல டீச்சரம்மா. எனக்கு எங்க மாரியாத்தா இருக்கா. நீங்க நல்ல மனசோடதான் செஞ்சிருப்பீங்க. ஆனா அந்தப் புள்ளகிட்ட நீங்களே போயி சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பாது" என்று சொல்லிவிட்டு, பங்களாவில் வேலை கிடக்கிறது என்று போய்விட்டார்.

பள்ளி விட்டதும் போனேன். மழை விட்டிருந்தது. லயத்துக்கு முன்னால் மலையிலிருந்து வரும் பீலிக் குழாயில் தண்ணீர் பெருக்கெடுத்து விழுந்துகொண்டிருந்தது. ஆண்களும் பெண்களும் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. அவள் எழுந்து அடுப்பு மூட்டியிருந்தாள். கணவன் வரும் நேரத்துக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து பலகையைத் தள்ளிப் போட்டாள்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்ல வந்தேன்" என்றேன். "நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன். மிஸ்ஸியம்மா, நெஞ்சுல சமாதானம் இருக்குன்னு சொல்லல. அவங்களால ஜெபம் பண்ணவே முடியலன்னு சொன்னாங்க. ஒண்ணுமே தோணலன்னு சொன்னாங்க. சாமி தன்கூட இருக்காருன்னுகூட இப்ப அவங்களுக்குத் தோணலயாம். நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். "நெசமாவா டீச்சர்?"

"நெசமா."

"அவங்களுக்குமா?"

"ஆமா."

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். கருகுகிற வாசனை வந்தது. நான்தான் கையை நீட்டித் திருப்பினேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப சாமி அவங்கள விட்டுட்டாரா?"

"இல்ல. விடல."

"எப்புடித் தெரியும்? ஒண்ணும் தோணலன்னு சொன்னாங்கன்னீங்களே."

மிஸ்ஸியம்மா முந்தின நாள் சொன்ன மிச்சத்தை நான் அப்போதுதான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல். "அவங்க சொன்னது இதுதான். 'அவர் என்னை ஏத்துக்கிட்டாருன்னு என் மனசு சொல்லித் தெரிஞ்சுக்கல. அவர் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். என்கிட்ட வர்றவங்கள நான் தள்ளமாட்டேன்னு சொன்னவர் அவர். எனக்குத் தோணுற நாள்லயும் அவர் சொன்னது அதேதான், தோணாத நாள்லயும் அதேதான். என் மனசு செத்துக் கெடக்குற நாள்ல அவரு பேச்ச மாத்த மாட்டாரு.'"

அவள் நான் சொன்னதை யோசித்தாள். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்.

"உங்களுக்கு எப்புடி டீச்சர்? உங்களுக்குத் தோணுமா?"

பக்கத்தில் மிஸ்ஸியம்மா இல்லை. மொழிபெயர்க்க ஆங்கில வாக்கியம் ஒன்றும் இல்லை. புகை கண்ணைக் கரித்தது.

"எனக்கு எப்பவுமே தோணினதில்ல" என்றேன். "சின்ன வயசுலருந்து காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு தடவகூட ஒண்ணும் தோணல."

"அப்ப உங்களுக்கும் அவரு சொன்னது மட்டுந்தானா?"

"ஆமா. அவரு சொன்னது மட்டுந்தான்."

"அது போதுமா?"

"போதும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதும் இல்லை. நான் அத்தனை வருஷமும் நெஞ்சுக்குள் தேடிக்கொண்டிருந்தது அங்கே இல்லவே இல்லை, அது வெளியே, எனக்குக் கொடுக்கப்பட்ட ஒரு பேச்சில் இருந்தது. முதல் வருஷம் கை தூக்கியபோதே ஆண்டவர் என்னை ஏற்றுக்கொண்டிருந்தார். ஒருவேளை அதற்கும் முன்னாலேயே. பின் வந்த நான்கு தடவையும் அவருக்குத் தேவைப்படவில்லை. அந்த அடுப்படிப் பலகையில் உட்கார்ந்து இதை நினைத்தபோதாவது அனல் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. எனக்குப் பசித்தது. அவள் அந்தக் கருகிய ரொட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, நல்லதாக ஒன்றை எடுத்து, மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு தட்டில் வைத்துக் கொடுத்தாள். இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். அவளும் ஒன்று சாப்பிட்டாள். குழந்தையைப் பற்றிப் பேசினாள். சிரிக்கத் தொடங்கியிருந்ததாம், தொட்டிலுக்கு மேலே யார் குனிந்தாலும் சிரிக்குமாம். சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அவள் கணவன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வாசலில் வந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பீலியில் கால் கழுவப் போய்விட்டான்.

அடுத்து மிஸ்ஸியம்மா வரும் ஞாயிறு வரைக்கும் இருந்த நாட்கள் எனக்குக் கஷ்டமாக இருந்தன. அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஏறும் வழியில், முதல் திருப்பம் தாண்டியதும் சொல்லிவிட்டேன். பெண்ணைப் பற்றியும் சொன்னேன், ஆயம்மாவைப் பற்றியும் சொன்னேன். என்னைப் பற்றியும் சொன்னேன். ஐந்து தடவை கை தூக்கியதைக்கூட விடவில்லை.

அவர் நடப்பதை நிறுத்தினார். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். என்னை அனுப்பிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"வேறு என்னவெல்லாம் மாற்றியிருக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

காணாமற்போன ஆட்டையும் கோதுமை வயலையும் சொன்னேன். நகைச்சுவைகளையும் சொன்னேன். அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன், சிரித்துவிட்டார். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். தாய் இறந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னார். சிரித்து ஓய்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்று நீ சரியாகச் சொல்ல வேண்டும். எனக்காக இல்லை, உனக்காகவும் இல்லை. அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக" என்றார். ஐந்து தடவை கை தூக்கியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஏறத் தொடங்கியபோது அவருடைய பாரமான பையை நான் கேட்டேன். "வேண்டாம், இன்று நான் சுமக்கிறேன்" என்றார்.

அன்று கூட்டத்தில் முதலில் நான் பேசினேன். போன தடவை என்ன நடந்தது என்று சொன்னேன். நான் சொன்னது பொய் என்று சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. ஒரு கிழவி மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம், "டீச்சரே பொய் சொன்னா நம்ம புள்ளைங்க எங்க உருப்படப் போவுது" என்றாள். அது நியாயமான கேள்விதான். குழந்தையை இழந்த அந்தப் பெண் ஆயம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையை வாரிப் பின்னியிருந்தாள்.

பிறகு மிஸ்ஸியம்மா எழுந்தார். இதை மட்டும் தானே தமிழில் சொல்வதாக என்னைக் கையமர்த்திவிட்டு, கணீரென்று சொன்னார்:

"எனக்கு ஒன்றும் தெரியவில்லை!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவ்வளவு தூரம் வந்து, ஒன்றும் தெரியாது என்கிறாரே என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் தூணடியிலிருந்து ஆயம்மாவின் குரல் வந்தது. "தெரியலன்னு இல்ல. தோணலன்னு சொல்றாங்க. மனசுக்குள்ள ஒண்ணும் தோணலயாம்."

"ஆம், ஆம். தோணல!" என்றார் மிஸ்ஸியம்மா மகிழ்ச்சியோடு. எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பதினெட்டு வருஷம் ஒளித்து வைத்திருந்த ஆங்கிலம் அன்று லயத்துக்கே தெரிந்துபோனதில் ஆயம்மாவுக்குக் கொஞ்சம் வெட்கம். "பங்களாவுல போயி யாரும் சொல்லிப்புடாதீங்க" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டுக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. அடுத்து வந்த துரையும் அறியாமலே போனார்.

அதற்குப் பிறகு நான் அந்தத் தோட்டத்தில் ஏழு வருஷம் இருந்தேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், இரண்டும் என்னிடம்தான் எழுத்துப் படித்தன. அவள் கூட்டத்துக்கும் வருவாள், மாரியம்மன் திருவிழாவுக்கும் போவாள். பல வருஷம் கழித்து, தானாக வந்து ஞானஸ்நானம் கேட்டாள். அவள் கணவன் கேட்கவில்லை, அவளைத் தடுக்கவும் இல்லை. ஆயம்மா கடைசிவரை மாறவில்லை. கூட்டங்களுக்கு வருவது மட்டும் கூடிவிட்டது. நான் சொல்வதைச் சரிபார்க்கத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும். ஏதாவது ஒரு சொல் நழுவினால், தூணடியிலிருந்து லேசாகக் கனைப்பார். நான் திரும்பி வந்து சரியாகச் சொல்வேன்.

பயம் என்னைவிட்டு ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த மலையில் இருந்த நான்காம் வருஷம் எனக்கு டைபாயிட் காய்ச்சல் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தேன். பிழைப்பேனா என்று வைத்தியம் பார்த்த டிஸ்பென்சர் ஐயாவுக்கே சந்தேகம். சாவதற்குப் பயந்தேன். அப்பாவை நினைத்து அழுதேன். ஆனால் ஆண்டவர் என்னை ஏற்றுக்கொள்வாரா என்ற பழைய கேள்வி மட்டும் வரவில்லை. கேட்டுப் பதில் கிடைத்துவிட்ட கேள்வி அது. உடம்பு தேறி, சுடுகஞ்சி முதல் தடவை வாய்க்குப் பிடித்த அன்று, அப்பா டயகமவிலிருந்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து தடவை கை தூக்கியதைச் சொன்னபோது, "அஞ்சு தடவையா? ஏம்மா, மொத தடவையே அவருக்குக் கேட்டிருக்குமே" என்றார். அவ்வளவுதான். கஞ்சியை ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

மிஸ்ஸியம்மாவின் தமிழ் வருஷத்துக்கு வருஷம் தேறிவந்தது. முன்ஷியின் தமிழை மெல்ல மெல்ல விட்டு, "வாங்க", "இருக்காங்க" என்று லயத்துப் பேச்சுக்கே வந்துவிட்டார். நான் கல்யாணமாகி நுவரெலியாப் பக்கம் மாற்றலாகிப் போவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு ஞாயிறு ஸ்டேஷனில் இறங்கியதுமே, "இன்னைக்கு நானே பேசிப் பாக்குறேன். நீங்க சும்மா உக்காந்து கேளுங்க" என்றார்.

இத்தனை வருஷமும் நான் அந்த இஸ்தோப்பில் நின்றிருக்கிறேனே தவிர உட்கார்ந்ததில்லை. அன்று பெண்களுக்கு நடுவில் சாக்கில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவளின் ஈரக்கூந்தல் என் தோளில் பட்டது. யாரோ ஒரு கைக்குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டுப் போனார்கள். மிஸ்ஸியம்மா பேசினார். இரண்டு இடத்தில் வினைச்சொல்லைத் தப்பாகப் போட்டார், ஒரு இடத்தில் ஆணைப் பெண்ணாக்கிவிட்டார். எல்லோருக்கும் விளங்கியது. ஆயம்மா ஒரு தடவைகூடக் கனைக்கவில்லை. நடுவில் மிஸ்ஸியம்மா, "நான் இரட்சிக்கப்பட்டிருக்கேன், எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். எனக்கே சொல்லப்படுவதாக அதைக் கேட்டுக்கொண்டு, தூங்கிவிட்ட குழந்தையின் தலை சரியாமல் பிடித்தபடி, நான் "ஆமென்" என்றேன். பெண்களில் சிலரும் சொன்னார்கள். வெளியே வெயில் அடித்தது, வட்டவளையில் அது அபூர்வம். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் துணி காயப்போட ஓடினார்கள்.